இரண்டு ஷட்டர்

கூரியர் பையன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து
"காபி ஃபில்டரா சார், இவ்ளோ சின்னதா?" என்றான்.
ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன்.
மாசச் சம்பளத்தில் பாதி,
இரண்டு அங்குல வட்டத்தில்.

பழையது ஒன்று இருக்கிறது.
திருச்சியில் ஒரு கல்யாண போட்டோகிராபர்
கடையைக் காலி செய்தபோது வாங்கியது.
சோடியம் விளக்கின் மஞ்சளை மட்டும் விழுங்கும்,
வேறெதையும் தொடாது.
நீடாமங்கலம் அப்போது முழுக்க மஞ்சள்.
ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்கிற லாரிகளும் மஞ்சள்,
டிரைவர்கள் முகமும் மஞ்சள்.
கண்ணாடியைத் திருகினால் ஊரே கரைந்து
பின்னால் வானம் வரும்.

அந்த மஞ்சளைக் கழற்றியவன் நான்தான்.
பேரூராட்சி எலக்ட்ரீஷியன் மணவாளன்.
ஏணி வண்டியில் ஏறி, கம்பம் கம்பமாக,
வெள்ளை எல்.இ.டி. மாட்டினேன்.
கடைசிக் கம்பம் என் வீட்டு வாசலில்.
அன்று ராத்திரி எடுத்த படம்
நீர் ஊற்றிய மோர் மாதிரி இருந்தது.
வெள்ளையில் எல்லா நிறமும் இருக்கிறது;
எதை விழுங்கச் சொல்வது?

மூணாறு தலைப்பில் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும்.
வெண்ணாறு வந்து முட்டுகிற இடத்தில்
எந்த ஷட்டரை எத்தனை அடி தூக்குகிறார்கள் என்பதில்தான்
கோரையாற்றுக்காரன் நடவும்
பாமணியாற்றுக்காரன் நடவும்.
புதுக் கண்ணாடி அந்த வேலையைத்தான் செய்கிறது.
எல்லாக் கதவையும் இறக்கிவிட்டு
இரண்டை மட்டும் மயிரிழை தூக்கும்.
ஹைட்ரஜனின் சிவப்புக்கு ஒன்று,
ஆக்சிஜனின் பச்சை நீலத்துக்கு ஒன்று.
ஊர் வெளிச்சம் அந்தப் பக்கமே தேங்கி நிற்கும்.

மார்கழி.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம்.
லென்ஸில் பனி உட்கார உட்கார
பூங்கோதையின் ஹேர் டிரையரால் ஊதுகிறேன்.
நெல் ஏற்றிய கூட்ஸ் போனால் மாடி நடுங்கும்,
அந்தப் படம் குப்பை.
ஓரியனுக்குக் கிழக்கே, கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில்
ரோசெட் வந்தது.
முதலில் வெற்றிலைச் சாறு துப்பிய சுவர் போல,
நாற்பது படம் அடுக்கியபின் இதழ் இதழாக.
பூங்கோதையை எழுப்பிக் காட்டினேன்.
"நல்லாருக்கு, தூங்குங்க" என்றாள்.

ஆனால் ஆண்ட்ரோமெடா வரவில்லை.
சாயங்காலமே முயன்றேன், கறுப்புத்தான்.
அது கோடிக் கணக்கில் நட்சத்திரங்கள் குடியிருக்கிற ஊர்.
எல்லா நிறத்திலும் எரிகிறது,
நான் மாட்டிய விளக்கு மாதிரியே.
இது அது என்று பிரித்துச் சொல்ல
எந்தக் கண்ணாடிக்கும் தெரியாது.

ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.
கஜா அடித்த பதினோராம் நாள்,
மின்வாரியத்து ஆட்களோடு கம்பத்தின் உச்சியில்
இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு,
நிலா எழுவதற்கு முன்னால்.
கடல் வரைக்கும் ஒரு விளக்கு இல்லை.
கேமரா பேட்டரி செத்து வாரமாகியிருந்தது.
தலையை நிமிர்த்தினேன்:
சாக்பீஸைத் தேய்த்தது போல, வெறுங்கண்ணுக்கு,
கையெட்டும் தூரத்தில்.
எவ்வளவு நேரம் பார்த்தேனோ,
கீழிருந்து யாரோ
"அண்ணே, போல்ட்டை முடுக்குங்க" என்றார்கள்.
முடுக்கினேன்.
விளக்கு வந்தது.
தெருவே கை தட்டியது, நானும் தட்டினேன்.

தெரு விளக்குப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.
நேற்றிரவு அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
பத்து நிமிடம் போதும், யாருக்குத் தெரியப்போகிறது.
எதிர்வீட்டு ரஹ்மத்நிஷாவின் ஸ்கூட்டி வந்தது,
மன்னார்குடி ஆஸ்பத்திரியில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து.
விளக்கின் நேர் கீழே நிறுத்தி,
ஹேண்ட்பேக்கைக் கவிழ்த்துக் கொட்டி
வீட்டுச் சாவியைத் தேடினாள்.
கிடைக்க நேரமாயிற்று.
உள்ளே போய்த் தாழ் போடும் சத்தம் வரை
நின்றிருந்தேன்.

மேலே ஏறி வந்தபோது
மறுபடியும் லென்ஸில் பனி.