உதட்டில் வந்த அத்தியாயம்

பர்ன்லி நெசவாலையில்
நானூறு தறிகள் அலறும்போது
காதுக்கு வேலையில்லை.
கெசையா உதட்டால் பேசுவாள்,
மூன்று தறி தள்ளி நின்று
கண்ணால் கேட்போம்.

தொடர்கதைக்கு மாதம் ஒரு ஷில்லிங்,
பதினாறு பேரின் கூட்டுக்காசு.
படிக்கத் தெரிந்தவள் அவள் மட்டும்.
ஞாயிறு இரவு
மெழுகுத்திரி அடிவரை எரியப் படித்து
திங்கள் காலை
சத்தமில்லாமல் விரிப்பாள்.

இம்முறை கதையில் ஓர் ஆலைப்பெண்.
முதலாளி மகன்மேல் காதல்.
பன்னிரண்டாம் பக்கத்தில் இருமல்.
வெள்ளைத் தலையணையில்
எல்லாரையும் மன்னித்துவிட்டுச் சாகிறாள்.

தறிநாடாவின் துளையில் வாய்வைத்து
நூலை உறிஞ்சி இழுத்துவிட்டுக் கேட்டேன்:
வாயில் பஞ்சு இருந்ததா?
எழுதவில்லை.
படுத்த நாட்களுக்குக் கூலி பிடித்தார்களா?
எழுதவில்லை.

மேஸ்திரி திரும்பியபோது
பதினாறு வாய்கள் திறந்திருந்தன.
கொட்டாவி என்று நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை
கெசையாவின் உதடு கொஞ்சம் தயங்கியது.
பிறகு,
அந்தப் பெண் சாகவில்லை என்றது.
தலையணையை விற்று வாடகை கட்டினாள்,
இருமிக்கொண்டே தறிக்கு வந்தாள்.

புத்தகத்தில் இருக்கிறதா என்று
யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம்
என் காசை நான் தரவில்லை.
மீதியை நீயே சொல் என்றேன்,
உதட்டால்.