கடலுக்கு அடுத்த சொல்

'கடல்' என்று அடித்தால்
விசைப்பலகையின் நெற்றியில் மூன்று பெட்டி முளைக்கும்:
அழகு. அலை. உணவு.
ஆறு டேப்லெட்டைச் சுற்றி முப்பத்தொரு தலை,
எட்டாம் வகுப்பு, சின்னப்பாலம்.
எல்லாரும் முதல் பெட்டியைத்தான் தொட்டார்கள்.
முப்பத்தொரு கடலும்
மிகவும் அழகாக இருந்தன.

ஜன்னலைத் திறந்தால் உப்பு வந்து
திரையில் படிகிற வகுப்பறை இது.
வாரம் ஒருதரம் ஈரத்துணியால் துடைப்பேன்.
துடைத்த துணி கரிக்கிறது என்றான் அந்தோணி ரீகன்,
நக்கிப் பார்த்துவிட்டு.
இதை ஏண்டா எழுதவில்லை?
"இதெல்லாமா டீச்சர் கட்டுரை?"

அன்றே 'அழகு' என்ற சொல்லைத் தடை செய்தேன்.
கூடவே 'மிகவும்', 'இயற்கை அன்னை',
'என்று கூறி விடைபெறுகிறேன்'.
பாதிக் கட்டுரை காணாமல் போயிற்று.
மீதிப் பாதியில்
ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு முற்றுப்புள்ளி.

சரி, எழுதவே வேண்டாம்.
ஆளுக்கொரு நிமிடம் சத்தம் கொண்டுவாருங்கள் என்றேன்.

வந்தது:
ஐஸ் கட்டியைச் சம்மட்டியால் உடைப்பது.
கருவாட்டுக் களத்தில் காக்காய்ச் சண்டை.
டீசல் எஞ்சின் இருமி இருமி உயிர்பிடிப்பது
(அது எஞ்சின் இல்லை, ரீகனின் மாமா என்று பிறகு தெரிந்தது).
நம்புசெல்வி கொண்டுவந்ததில் எதுவுமே இல்லை.
பலகை ஒன்று முனகுவதுபோல் லேசாக.
பதிவு கெட்டுவிட்டது என்று
நிறுத்தப் போனேன்.
"இருங்க டீச்சர்."
ஐம்பத்திரண்டாவது விநாடியில்
ஒரு மூச்சு
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

வகுப்பில் யாரும் பேசவில்லை.
பாதிப் பேருக்கு அது யார் மூச்சு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பாலித்தீன் கவரில் போனைச் சுற்றிக்கொண்டு
வள்ளத்தில் உட்கார்ந்து பிடித்திருக்கிறாள்.
இப்போது இதை எழுது என்றேன்.

அம்மா என்று அடித்தாள்.
அன்பு, சமையல், வீடு என்றது பலகை.
மரிக்கொழுந்து என்று அடித்தாள்.
பூ என்றது. படம் தேடினால்
கட்டுக்கட்டாக மாலை.
பாறையில் ஒட்டிக் கிடக்கும் பாசிக்கும்
அதே பெயர்தான் என்பது
அதற்கு யாரும் சொல்லாத சேதி.

ஒற்றை விரலால், பெட்டிகள் பக்கமே பாராமல்,
மணி அடித்த பிறகும் எழுதினாள்:

*அம்மா முங்கினாள்.
நான் எண்ணினேன். முப்பது வரைக்கும் பயம் இல்லை.
நாப்பதில் வள்ளம் ஒருதரம் அசைந்தது.
விரலில் சுத்தின துணி முதலில் வந்தது.
பிறகு பாசி. பிறகு கை.
கடைசியில்தான் அம்மா.*

'முங்கினாள்' அடியில் சிவப்புக் கோடு.
தொட்டால் திருத்தம் சொல்கிறது: மூழ்கினாள்.
தமிழாசிரியர் வாய் எனக்கு;
பழக்கத்தில், அதுதானே சரி என்றுவிட்டேன்.

"மூழ்கினா வர மாட்டாங்க டீச்சர்.
முங்கினாத்தான் வருவாங்க."

பன்னிரண்டு வருடம் கற்பித்திருக்கிறேன்.
பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெழுதுக என்று
எத்தனை கேள்வித்தாளில்
எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேட்டிருப்பேன்.
'அகராதியில் சேர்' என்ற பொத்தானை
அன்றைக்குத்தான் முதன்முறை அழுத்தினேன்.

போன வாரம் அதே டேப்லெட்டில்
பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு அடித்தேன்.
'அம்மா அல்லது அப்பா' என்று தொடங்கி
'அம்மா'வோடு விரல் நின்ற இடத்தில்
மூன்றாவது பெட்டி
கூச்சத்தோடு கேட்டது:
முங்கினாள்?

கூட்டத்துக்கு நான்கே பேர் வந்தார்கள்.
நாற்காலிகளை நானும் ரீகனும் திரும்ப அடுக்கினோம்.
தண்ணீர் தெளிந்து கிடந்தது.
பாசிக்கு நாள்.