ஏழாம் குழி, ஊட்டி

தணிகாசலம் வீசிய மட்டை
சீகை மரத்தில் மாட்டிக்கொண்டது.

நாலாம் குழியருகே அவன் பந்தை உருட்டும் நேரம்
நான் இருமிவிட்டேன்.
பனிதான் காரணம். நம்பவில்லை.
அதிலிருந்து பேச்சில்லை.

போஜன் கல்லெறிந்தார்.
நான் என் மட்டையை எறிந்தேன்.
இப்போது மரத்தில் இரண்டு.

பின்னால் வருபவர்களுக்கு வழிவிடுவதுதான் மரியாதை.
போங்கள் என்று கை காட்டினோம்.
கர்னல் தொப்பியைக் கழற்றி
அண்ணாந்து பார்த்தார்.
தன் பையிலிருந்து நீளமானதை உருவினார்.

மூன்றாவதும் மாட்டியபின்
கேடி சூசை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்,
எங்கள் யாரையும் பார்க்காமல்.

"எத்தனை அடி?" சீட்டை விரித்துக் கேட்டேன்.
ஒரு மணி நேரத்தில் முதல் வார்த்தை.

"ஏழு."

ஒன்பது.

மூடுபனி கொடிக்கம்பைத் தின்றுகொண்டிருந்தது.
ஏழு என்றே எழுதினேன்,
ஒருமுறை
நன்றாக இருமிவிட்டு.