தொடக்கூடாத பெட்டி

பெய்ப்சி ஏரி உறைந்த பின்
காலை ஆறு மணிக்கு என் முதல் வேலை
துளைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு
கரையிலிருந்து முந்நூறு எட்டு நடப்பது.
துளை. அளவுகோல். முப்பத்தொன்று சென்டிமீட்டர்.
வீடு திரும்பி, கையுறையைப் பல்லால் கழற்றி
அந்த எண்ணை என் தளத்தில் ஏற்றுகிறேன்.
முஸ்த்வே முதல் கல்லஸ்தே வரை
மீனுக்குப் போகிற அத்தனை பேரும்
காபி கொதிக்கும் முன் அதைப் பார்த்துவிடுவார்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரப் பெட்டி.
சர்வர் வாடகையை அதுதான் கட்டுகிறது,
கட்டுவதாகப் பேச்சு.
எழுபது யூரோ சேர்ந்தால்தான் அனுப்புவார்கள்.
நவம்பரிலிருந்து சேர்ந்தது
அறுபத்தொன்று நாற்பது.

விதிகளை அச்சடித்து
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
உன் விளம்பரத்தை நீயே சொடுக்காதே.
சொடுக்கச் சொல்லி யாரையும் கேட்காதே.
கை தவறிப் படும் இடத்தில் வைக்காதே.

மூன்றாவதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.
பெட்டி இருந்தது
'பனி வரைபடம்' பொத்தானை ஒட்டினாற்போல்.
மைனஸ் பதினெட்டில் மரத்துப்போன கட்டைவிரல்
எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியாதா?
எழுந்து போய்ப் பெட்டியைக் கீழே இறக்கினேன்.
அடுத்த வாரம் வரவு பாதியானது.
அந்தப் பாதி
குளிரின் சம்பாத்தியம்.

பிறகு ஹெய்னோ வந்தான்.
செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கோஹா மீன்,
முகமெல்லாம் சிரிப்பு.
"தினமும் ராத்திரி உனக்காக
முப்பது தடவை அமுக்குகிறேன், வைகே.
அக்காவையும் அமுக்கச் சொல்லியிருக்கிறேன்.
குழந்தைத் தள்ளுவண்டி விளம்பரத்தைக்கூட விடவில்லை."
அறுபத்தாறு வயது. கல்யாணமே ஆகாதவன்.

போன குளிர்காலத்தில்
ஐந்து சென்டிமீட்டர் என்று நான் எழுதிய காலை
கரையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவன்.
அந்தக் கடனை விரலால் அடைக்கிறான்.

நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
நிறுத்து என்று வந்தது.
"திருட்டா இது? யார் வீட்டுப் பணம்?"
தள்ளுவண்டி செய்கிறவன் வீட்டுப் பணம் என்றேன்.
எங்கோ பொல்வா பக்கம் ஒரு பட்டறையில்
ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு எடுத்து வைக்கிறான்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி பார்க்கிறாள் என்று நம்பி.
ஹெய்னோ மீனைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.
தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

அன்றிரவே நிறுவனத்துக்கு எழுதினேன்:
எத்தனை சொடுக்கு, எந்தத் தேதியிலிருந்து, யார்.
பெயரை எழுதி, அழித்து,
'ஒரு நண்பர்' என்று போட்டேன்.
பதினோரு நாள் கழித்து
கையெழுத்தில்லாத பதில்.
முப்பத்தெட்டு யூரோ கழிக்கப்பட்டது. கணக்கு தொடரும்.
மீதி இருபத்துமூன்று நாற்பது.
அன்றைய பனியும் இருபத்துமூன்று.
தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

துளைப்பானின் அலகு மழுங்கிவிட்டது.
என் பக்கத்தைத் திறந்தால்
பெட்டிக்குள் அதே அலகு
இருபது சதவீதத் தள்ளுபடியில் பளபளக்கிறது.
இதற்கெல்லாம் எப்படித்தான் தெரிகிறதோ.
விரலை மடக்கிக்கொண்டேன்.
கடையின் பெயரை வேறு ஜன்னலில்
எழுத்துக் கூட்டித் தட்டினேன்.
அந்த வழியாகப் போனால் தள்ளுபடி கிடையாதாம்.
முழு விலை கொடுத்தேன்.

மார்ச் பத்தொன்பது.
புது அலகு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று,
அலகின் சாமர்த்தியம் அல்ல.
எட்டு சென்டிமீட்டர், அதுவும் ஊறிப்போன பனி.
சிவப்பில் எழுதினேன்: காலை வைக்காதீர்கள்.
வருடத்திலேயே அதிகம் பேர் வருகிற நாள்,
நம்பாமல் திரும்பத் திரும்ப வருகிற நாள்.
இன்றொரு நாளில் எழுபதைத் தொட்டுவிடலாம்.

பெட்டியை எடுத்துவிட்டேன்.
ஃப்ரிட்ஜ் கதவில் அப்படி விதி எதுவும் இல்லை,
போய்ப் பார்த்தேன்.

எட்டரைக்கு ஹெய்னோவின் வண்டி
கரைவரை வந்து, கொஞ்சம் நின்று, திரும்பிற்று.
என் வீட்டைத் தாண்டும்போது
ஒரே ஒரு தடவை
ஹாரன் அடித்தான்.