பதினோராம் பாகம்

கெயோன் துறைமுக அலுவலகத்தில்
பதினோரு நாற்காலி, பத்து ஆண்கள்.
கடைசி நாற்காலியில் நான்,
ஈரம் காயாத பூட்ஸோடு.
வெளியே நாலு நாளாய் ஒரே மழை.
ஹீட்டர் பக்கத்து இடத்தை நவெல்கின் பிடித்துவிட்டான்.
மூன்றாம் முறை எழுதுகிறவன்,
எது சூடான மூலை என்று தெரிந்தவன்.

முதல் கேள்வி:
இந்த உரிமத்தில் எவ்வளவு ஆழம் இறங்கலாம்?
இருபது மீட்டர்.
யார் பேனாவும் தயங்கவில்லை.
இருபதில் ஒன்றும் மிச்சமில்லை என்பது
மேசைக்குப் பின்னால் கொட்டாவி விடும்
கடற்படைக்காரருக்கும் தெரியும்.
கடல்முள்ளி முப்பதுக்குக் கீழே போய்விட்டது.
அதற்குச் சட்டம் படிக்கத் தெரியாது.

ஒன்பது வருஷம் நான் படகின் மேல் இருந்தேன்.
கம்ப்ரெஸருக்குப் பெட்ரோல் ஊற்றுவேன்.
அதன் புகையை அதுவே உறிஞ்சிவிடாதபடி
காற்று மாறும்போதெல்லாம் படகைத் திருப்புவேன்.
மஞ்சள் ஹோஸைப் பாகம் பாகமாய் விடுவேன்.
பதினோராம் பாகத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.
அது நனைவதை
எத்தனை தடவை பார்த்திருப்பேன்,
நனைத்த கை என்னுடையதுதான்.

ஓர் இழுப்பு: நலம்.
இரண்டு: இன்னும் விடு.
மூன்று: கூடையைத் தூக்கு.
நாலு: என்னைத் தூக்கு.
நாலை யாரும் இழுத்து நான் பார்த்ததில்லை.
இழுக்க வேண்டிய நிலையில் இருப்பவனுக்கு
எண்ணிக்கை நினைவிருக்காது.

பதினான்காம் கேள்வி:
மேலே வந்தவர் முழங்கை வலிக்கிறது என்கிறார்.
நீ என்ன செய்வாய்?

அப்தோன் முழங்கை என்று சொல்லவில்லை.
மாத்தே கேட்டான். சுடச்சுட உறிஞ்சினான்.
கையுறையைக் கழற்றி
விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்பதுபோல.
நாங்கள் சிரித்தோம்.
கரைக்கு வரும்போது அவனுக்குச் சிறுநீர் வரவில்லை.
இறங்க நினைத்தான், கால் இறங்கவில்லை.
அழுத்தக் கூண்டு இருக்கும் ஊருக்குப் போகிற வழியில்,
சால்மன் லாரிகளுக்குப் பின்னால்
ஃபெரிக்காக நின்ற ஆம்புலன்ஸில் அவன் கேட்டது:
கூடையை எடை போட்டாயா?

அவன் என் வீட்டுக்காரன் இல்லை, சொந்தமும் இல்லை.
ஒன்பது வருஷம் அவன் மூச்சு என் கையில் ஓடியது.
அது என்ன உறவு என்று நிரப்ப
ஆஸ்பத்திரிப் படிவத்தில் கட்டம் இல்லை.

எழுதினேன்:
படுக்க வை. ஆக்ஸிஜன் கொடு.
நேரத்தைக் குறித்துக்கொள். கூண்டுக்குத் தகவல் சொல்.
எழுதாமல் விட்டது: சிரிக்காதே.

மறுநாள் செய்முறை, பழைய பாலத்தடியில்.
எட்டு மீட்டர்தான்.
முகமூடிக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு
மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும்.
குளிர் பல்லின் வேருக்குள் புகுந்தது.
அதைவிட அந்த முதல் மூச்சு.
ரப்பர், எண்ணெய்,
அடியில் லேசாய்ப் பெட்ரோல்.
இதையா நான் ஒன்பது வருஷமாய் அவனுக்கு அனுப்பினேன்?
அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு முறை இழுத்தேன்.
பதில் வரவில்லை.
மேலே நவெல்கின் யாரிடமோ பேசிக்கொண்டிருந்திருப்பான்,
நானும் பேசியிருக்கிறேன்.
பச்சைத் தண்ணீரில்
என் குமிழிகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.
பத்தொன்பதாவதில் ஹோஸ் அசைந்தது.

உரிமம் வந்துவிட்டது.
போட்டோவில் கண் மூடியிருக்கிறது.
அன்று மாலையே கத்தியை எடுத்து
சிவப்புத் துணி இருந்த இடத்தில்
ஹோஸை வெட்டினேன்.
தடியூன்றி வந்த அப்தோன்
வெட்டு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான்.

மிச்சம் ஒன்பது பாகம் கொட்டகையில் சுருண்டு கிடக்கிறது.
யாராவது கேட்டால் வேலி கட்ட என்பேன்.
குளிர்காலத்தில் முள்ளிக்கு விலை ஏறும்.
இரண்டு துண்டையும் சேர்க்கிற பித்தளை வளையம்
முனைக் கடையில்
ஆயிரம் பெசோதான்.