ஒரு சாண்

முகத்துக்கு நீலம். விலாவுக்குச் சிவப்பு.
இடுப்புக்கு மஞ்சள்.
ஒஹாயோவில் காலை ஏழு மணிக்கு
இப்படித்தான் தொடங்குகிறது என் வேலை:
நாற்பத்தொன்பது கிலோ ரப்பர்ப் பெண்ணுக்கு ஒப்பனை.
பூசும் களிம்பு காயக் கூடாது.
காய்ந்தால் சாட்சி சொல்லாது.

அவளுக்குப் பெயர் வைக்கக் கூடாதென்பது
கேமராக்காரர் வெர்ன் ஸ்டுட்ஸ்மனின் சட்டம்.
எண்தான்.
பின் இருக்கையில் இருப்பவளுக்கும் எண்தான்.
இருவருக்கும் என் உயரம்.
இதை அவர் ஒருமுறை கவனித்தார்,
பிறகு கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்.

நேருக்கு நேர் மோதினால்
பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு.
பம்பர் கொஞ்சம் கேட்கும்,
ரேடியேட்டர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்,
எஞ்சின் குறுக்கே விழும்.
பக்கவாட்டில் அப்படி யாருமில்லை.
ஒரு கதவு.
கதவுக்குள் ஒரு கண்ணாடி,
அதை ஏற்றி இறக்க ஒரு சின்ன மோட்டார்.
அப்புறம் விலா.

தண்டவாளத்தின் மறுமுனையில் தள்ளுவண்டி நிற்கிறது.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ,
அலுமினியத் தேன்கூட்டு மூக்கு.
அதற்கு அவசரமில்லை, கோபமில்லை,
போனில் யாரும் கூப்பிடவில்லை.
மணிக்கு அறுபது கிலோமீட்டரில் வரும்,
அவ்வளவே அதற்குத் தெரியும்.

விளக்குகள் எரிந்ததும் கூடத்துக்குள் கோடை.
ஐந்து, நான்கு, மூன்று.
நடப்பது ஒரு தும்மலைவிடச் சிறியது.
கண்ணாடி உதிர்வது மட்டும்
நிதானமாக நடக்கிறது,
எல்லாரும் போன பிறகு நாற்காலி அடுக்குபவன் போல.

பிறகு நான் போகிறேன், டேப்போடு.
திரைப் பலூனில் நீலம் இருந்தால் நல்லது.
கதவு விளிம்பில் இருந்தால்
அன்றைக்கு யாரும் சாப்பிடும்போது பேசுவதில்லை.
விலா எத்தனை மில்லிமீட்டர் உள்வாங்கியதென்று
கம்பி வழியே கணினி கேட்டுக்கொள்ளும்.
என் பங்கு ஒரே ஓர் அளவு:
நடுத்தூண் உள்ளே வந்து,
இருக்கையின் மையக்கோட்டுக்கு
எவ்வளவு தள்ளி நின்றது.
டேப்பில் சென்டிமீட்டர்.
அதற்கு முன் கையை விரித்துப் பார்த்துவிடுவேன்.
ஒரு சாண் இருந்தால் மூச்சு வரும்.
இதை அறிக்கையில் எழுதுவதில்லை.

ஆகஸ்டில் இங்கே மக்காச்சோளம்
ஆளை மறைக்கும்.
இரண்டு சாலைகள்
ஒன்றையொன்று பார்க்காமலேயே
வயல் நடுவே வெட்டிக்கொள்ளும்.
அப்படியொரு முனையிலிருந்துதான்
அந்த வெந்தய நிறக் கார் வந்தது,
ஆய்வுக்கென்று நாங்கள் வாங்கியது.
அதில் குறிவட்டங்கள் ஒட்டியிருக்கவில்லை.
யாரும் ஐந்து, நான்கு என்று எண்ணியிருக்கவில்லை.
இடித்த பிக்கப்பின் விளக்குச் சில்லுகள்
கதவுக்குள் சோளத்தோகையோடு கிடந்தன.

பதின்மூன்றரை.
என் சாணுக்கு மூன்று விரல் குறைவு.

திரைப் பலூனை இழுத்து விரித்தேன்.
நீலமில்லை. இளஞ்சிவப்பு.
கீழுதடு முழுதாக, மேலுதடு பாதி.
வெர்ன் படிவத்தோடு நின்றார்.
"எந்த எண்ணென்று எழுத?"
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
காபி எடுக்கப் போனார்.

மூன்று வாரம் கழித்து அவளே வந்தாள்.
லெவினா ப்ரூபேக்கர்.
இடப்பக்கம் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு,
பின் இருக்கைக்கு அடியில் சிக்கிய
கண்ணாடிப் பாத்திரத்துக்காக.
"அக்காவோடது. தினம் போன் பண்றா."
பாத்திரம் கீறல்கூட இல்லாமல் இருந்தது.
எங்கள் இருவருக்குமே அது கொஞ்சம் அநியாயமாகப் பட்டது.

போகிற வழியில் நீல முகத்தைப் பார்த்தாள்.
"இவங்களுக்கு என்ன, கல்யாணமா?"
எங்கே படுகிறதென்று பார்க்க, என்றேன்.
பட்ட இடம் தெரிந்தால் அடுத்த காரில் மாற்றலாம்.
சிரிக்கத் தொடங்கி, விலாவைப் பிடித்து, பாதியில் நிறுத்தினாள்.
பிறகு எதையோ யோசித்து
புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.
அன்று அதில் சாயம் இல்லை.

உங்கள் உயரம் எவ்வளவு, என்று கேட்டேன்.
"நாலடி பதினொண்ணு. எதுக்கு?"
சும்மா, என்றேன்.
படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.