அறுபது எண்ணும்வரை

சின்னப்பாலத்துக்கு இந்த முறை
ஐஸ் பெட்டி இல்லாமல் போனேன்.
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நம்பவில்லை:
நர்சம்மா, ஊசி கெட்டுப்போகாதா?
கெடாது. ஐஸ் இனி மீனுக்கு மட்டும்.

கைப்பையில் ஐம்பது ஒட்டுப்பட்டைகள்,
ஒவ்வொன்றும் பழைய எட்டணா அகலம்.
உள்ளே அதே டி.டி. மருந்துதான், நூறு முள்ளாக.
கண்ணுக்கு முள் என்று தெரியாது,
தடவினால் பூனை நாக்கு.

முதல் பெயர் முத்துராக்கு.
கடலிலிருந்து நேராக வந்திருந்தார்,
புருஷனின் முழுக்கைச் சட்டை சொட்டச் சொட்ட,
காலில் கட்டி நீந்தும் தட்டு இரண்டும் அக்குளில்,
விரலில் சுற்றிய துணியை இன்னும் அவிழ்க்காமல்.

சம்மதத்துக்குக் கைரேகை கேட்டது கருவி.
வலது பெருவிரல். இல்லை.
இடது. இல்லை.
பத்தும் வைத்துப் பார்த்தாயிற்று.
"பாறையில கெடக்கும், போய்த் தேடு"
என்றார் கருவியிடம்.
பேனா கொடுத்தேன்.
பெயரில் வரும் புள்ளிகளை மட்டும்
தாள் துளைக்க வைத்தார்.

வலிக்காது என்று சொல்ல வாயெடுத்து
அந்தக் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.
கெளுத்தி ஏறிய மேடு,
திருக்கை அடித்த இடம் வெள்ளையாக,
நகக்கண்ணில் கறுப்பாய் முள்ளெலி முனை ஒன்று
போன மாசியிலிருந்து.
கடல் போட்ட ஊசிகளுக்கு
அட்டை கிடையாது.

உப்பில் பட்டை ஒட்டவில்லை.
கழுவணும் என்றேன்.
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கிய தண்ணீரில்
அரை டம்ளர் கொண்டுவந்தார்.
பாதியை மேற்கையில் ஊற்றி
மீதியைக் குடித்தார்.

"உள்ள போற முள்ளு?"
"கரைஞ்சிடும்க்கா. கட்டக்கோரைப் பாசியில
எடுத்த பசைதான் அது."
பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எங்ககிட்ட கிலோ என்ன விலைக்கு எடுத்தாக?"
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தெரியாது என்றேன்.
"தெரிஞ்சுக்கிட்டு வா.
இன்னொரு கை இருக்கு."

ரேகையுள்ள என் கட்டைவிரலால் அழுத்தினேன்.
சின்னதாய் ஒரு சொடுக்கு.
அறுபது எண்ணுவேன், அசையாதீங்க.

ஒன்று. இரண்டு.
கண்ணை மூடிக்கொண்டார்.
இருபதில்தான் கவனித்தேன்,
சட்டைப் பொத்தான் ஏறி இறங்கவில்லை.
மூச்சு விடலாம்க்கா என்றேன்.
நாற்பது.
தோலுக்கு அடியில் இந்நேரம்
கட்டக்கோரை மறுபடியும் உப்பில்.
ஐம்பத்தெட்டு.
அறுபது.

விரலை எடுத்துவிட்டேன்.
அவர் இன்னும் மேலே வரவில்லை.